கல் பேசுவதில்லை: சீக்கியர்களும் உருவ வழிபாடும்

அமிர்தசரஸ் பொற்கோயிலில் உள்ளே போகும் வரிசையில் அம்மாவும் நானும் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். தலையில் முக்காடு, வெறுங்கால், ஏப்ரல் வெயில். குளத்தின் நடுவே போகும் பாலத்தில் அடிமேல் அடி வைத்து நகர்ந்து, உள்ளே போய், எல்லோரையும் போல நெற்றி தரையில் பட வணங்கிவிட்டு வெளியே வந்தோம். நெய் மணக்கும் கோதுமை அல்வாவைப் பிரசாதமாகக் கையில் வைத்தார்கள். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அம்மா கேட்டார்: "சாமி எந்தப் பக்கம் இருந்தது? கூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை."

"நீ கும்பிட்டாயே, அதுதான்."

"அது ஏதோ புத்தகம் அல்லவா? பட்டுத் துணி போட்டு வைத்திருந்தார்கள்."

அன்று மாலை ஏறிய டாக்சியில் இரண்டாவது கேள்வி வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் குரு நானக்கின் சின்னப் படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் சாமந்தி மாலை. அம்மா என் காதோரம் சாய்ந்து, "இவர்கள் உருவம் கும்பிடமாட்டார்கள் என்று சொன்னாயே?" என்றார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. 'சீக்கியர்கள் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை' என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்போம். அந்த வரி தவறில்லை. ஆனால் பட்டு போர்த்திச் சாமரம் வீசும் நூலுக்கும் மாலை போட்ட படத்துக்கும் அதில் விளக்கம் கிடையாது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும்.

ஸ்தாபிக்க முடியாதவர்

சீக்கியர்களின் மறைநூல் குரு கிரந்த் சாகிப். அதன் தொடக்க வரிகளுக்கு மூல மந்திரம் என்று பெயர். 'ஏக் ஓங்கார்' என்று தொடங்கி, இறைவன் யார் என்பதைச் சில சொற்களில் அடுக்கிக்கொண்டு போகும் வரிகள் அவை. அஞ்சாதவர், பகையற்றவர் என்பவற்றோடு 'அகால் மூரத்', 'அஜூனி' என்றும் வருகிறது. 'மூரத்' வேறொன்றுமில்லை, நம் மூர்த்திதான். காலம் தீண்டாத மூர்த்தி. எந்தக் கருவிலும் வந்து பிறக்காதவர். மூர்த்தி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதை உளி எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது அந்த மந்திரம். அவதாரக் கதைகளுக்கும் அந்த 'அஜூனி'யிலேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

அடுத்து வரும் ஜப்ஜி என்ற பாடலில் குரு நானக் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: 'தாபியா ந ஜாயி, கீதா ந ஹோயி'. அவரை ஸ்தாபிக்க முடியாது, செய்யவும் முடியாது, அவர் தானாகவே இருப்பவர். 'தாபியா' என்பது ஸ்தாபிப்பது. சிலையைச் செய்து பிரதிஷ்டை செய்கிறோமே, அதே செயல். காலையில் எழுந்ததும் ஒரு சீக்கியர் ஓதவேண்டிய முதல் பாடலின் தொடக்கத்திலேயே இது இருக்கிறது.

இதுவரை கேட்டவர்கள், 'கடவுளுக்கு உருவம் இல்லை, அதனால் உருவம் கூடாது என்கிறார்கள், அவ்வளவுதானே' என்று முடித்துவிடுவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நானக்கின் வாதம் அந்தத் தடத்தில் போகவில்லை.

நானக் (1469–1539) நெடும்பயணங்கள் போனவர். பூரி ஜகந்நாதர் கோயிலில் மாலை ஆரத்தி வேளையில் அவர் வெளியே அமர்ந்து பாடியதாகச் சீக்கிய மரபு ஒரு பாடலைச் சொல்கிறது. வானமே தட்டு. சூரியனும் சந்திரனும் அதில் வைத்த விளக்குகள். விண்மீன்கள் இறைத்த முத்துகள். மலையத்துச் சந்தன மணமே தூபம், காற்று சாமரம் வீசுகிறது, காடு முழுவதும் பூத்திருப்பது அர்ச்சனை. (மலையம் என்பது சந்தனத்துக்குப் பேர்போன நம் தென்மலைதான், பஞ்சாபிக் கவிக்கும் மணம் தெற்கிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.) பிறகு பாடல் இறைவனை நோக்கித் திரும்புகிறது: உனக்கு ஆயிரம் கண்கள், ஆனாலும் ஒரு கண்கூட இல்லை, உனக்கு ஆயிரம் மூர்த்திகள், ஆனாலும் ஒன்றுகூட இல்லை.

இதில் உருவத்தின்மேல் வெறுப்பு எங்கே இருக்கிறது? கண்ணுக்குப் படும் உருவம் எல்லாமே அவனுடையது என்கிறபோது, ஒன்றை மட்டும் எடுத்துக் கருவறையில் வைத்து 'இதுதான்' என்று சொல்வது போதாது என்கிறார். தட்டு சிறிதாக இருக்கிறது என்பதுதான் குறை. இந்தப் பாடல் சீக்கியர்களின் இரவுநேரப் பிரார்த்தனையில் இன்றும் இடம்பெறுகிறது. ஆரத்தி என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தட்டும் கற்பூரமும் மட்டும் கிடையாது.

பூக்காரியும் சிற்பியும்

குரு கிரந்த் சாகிப்பை 1604-இல் முதலில் தொகுத்தவர் ஐந்தாம் குருவான அர்ஜன். குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், ஷேக் ஃபரீத் போன்ற மற்றவர்களின் பாடல்களையும் அதில் சேர்த்தார். உருவ வழிபாட்டைப் பற்றிய கூர்மையான வரிகள் பல இவர்களிடமிருந்து வந்தவை.

கபீரின் ஒரு பாடல் பூக்காரியிடம் பேசுகிறது. அம்மா, நீ இலை பறிக்கிறாய். ஒவ்வோர் இலையிலும் உயிர் இருக்கிறது. எந்தக் கல்லுக்காகப் பறிக்கிறாயோ அதில்தான் உயிர் இல்லை. அதே பாடலில் சிற்பியும் வருகிறார். கல்லைக் கிடத்தி, அதன் மார்பில் காலை ஊன்றிக்கொண்டு செதுக்குகிறார். இந்த மூர்த்தி மெய்யானால் முதலில் அந்தச் சிற்பியை அல்லவா விழுங்கியிருக்க வேண்டும் என்கிறார் கபீர். சிற்பக்கூடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லின்மேல் கால் வைக்காமல் வேலை நடக்காது. நெசவாளியான கபீருக்கு இன்னொரு கைத்தொழிலாளியின் கால் எங்கே இருக்கிறது என்பது கண்ணில் பட்டிருக்கிறது.

நாமதேவர் மராட்டியத்துக்காரர், பண்டரிபுரத்து விட்டலனின் அடியார். ஒரு கல்லிடம் அன்பு காட்டுகிறார்கள், இன்னொரு கல்லின்மேல் கால் வைக்கிறார்கள், அது தெய்வமானால் இதுவும் தெய்வம்தானே என்று அவர் கேட்கிறார். இதே குரலில் பாடிய சித்தர்களைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதே நாமதேவர், கறந்த பாலைக் கிண்ணத்தில் கொண்டுபோய் 'கோவிந்தா, குடி' என்று வேண்டிய பாடலும் குரு கிரந்த் சாகிப்பிலேயே இருக்கிறது. பால் குடிக்கப்படவும் செய்கிறது. சீக்கிய உரையாசிரியர்கள் இதற்கு உள்ளன்பை வைத்துப் பொருள் சொல்கிறார்கள், சிலை முக்கியமில்லை என்பார்கள். அந்த உரை எனக்கு முழுதாக ஒட்டவில்லை. பாடலைத் தொகுப்பில் சேர்த்தவருக்கு அது உறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தொகுத்த அர்ஜனே எழுதிய ஒரு பாடலில்தான், என் பார்வையில், சீக்கிய நிலைப்பாட்டின் ஆணிவேர் இருக்கிறது. கல்லைத் தெய்வம் என்பவர்களின் பணி வீண் என்று சொல்லிவிட்டு அவர் தரும் காரணம்: கல் பேசுவதில்லை, எதையும் தருவதும் இல்லை, எங்கள் ஆண்டவரோ எப்போதும் பேசிக்கொண்டிருப்பவர். இந்த 'பேசுவது' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்கு வரும்போது தேவைப்படும்.

கண்டனம் சிலையோடு நிற்கவும் இல்லை. பத்தாம் குரு கோபிந்த் சிங் பாடியதும் தினசரி காலை ஓதலில் சேர்ந்ததுமான பாடல் ஒன்று, சிலையை வணங்குபவர்களையும் சமாதிகளை வணங்க ஓடுபவர்களையும் ஒரே வரியில் வைக்கிறது. தெற்கே கடவுள் என்பவரும் மேற்கே தலை தாழ்த்துபவரும் அதில் ஒன்றுதான். நானக் மக்காவில் காபாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார், அதட்டியவரிடம் 'கடவுள் இல்லாத பக்கமாக என் காலைத் திருப்பி வையுங்கள்' என்றார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. கல்லுக்கு வந்த அதே கேள்வி திசைக்கும் வந்திருக்கிறது.

உடைப்பவர்களா?

சிலையை மறுக்கும் மதம் என்றதும் சம்மட்டி ஞாபகம் வருவது இயல்பு. பஞ்சாபியில் சிலைக்குப் 'புத்' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல், புத்தர் என்ற பெயரிலிருந்து பிறந்தது என்று சொல்லப்படுவது. குரு கோபிந்த் சிங் 1705-இல் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் எழுதிய கடிதத்தில், தன்னோடு போரிட்ட மலைநாட்டு அரசர்களைச் சிலை வணங்கிகள் என்றும் தன்னைச் சிலை உடைப்பவன் என்றும் சொல்லிக்கொள்கிறார். இந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தங்கள் நெற்றித் திலகத்துக்கும் பூணூலுக்கும் ஆபத்து வந்தபோது கோபிந்த் சிங்கின் தந்தை தேக் பகதூரிடம் முறையிட்டதாகச் சீக்கிய வரலாறு சொல்கிறது. 1675-இல் டெல்லியில் அவர் தலை வெட்டப்பட்டது. சாந்தினி சௌக்கில் அந்த இடத்தில்தான் சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. பூணூலை நானக் சிறுவயதிலேயே மறுத்தவர், அவர் வழியில் வந்தவர்களும் அணியவில்லை. தான் ஏற்காத ஒரு சடங்கைச் செய்யும் உரிமைக்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். உருவ வழிபாட்டை மறுப்பது வேறு, வழிபடுபவரைத் தடுப்பது வேறு என்ற கோடு அங்கே இரத்தத்தால் போடப்பட்டிருக்கிறது.

அப்படியானால் புத்தகம்?

அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். பொற்கோயிலில் விடியலுக்கு முன்பு குரு கிரந்த் சாகிப்பை, அதே வளாகத்தில் இருக்கும் சீக்கியர்களின் உச்ச அதிகார பீடமான அகால் தக்த்திலிருந்து, பூ அலங்கரித்த பல்லக்கில் கொண்டுவருகிறார்கள். எக்காளம் ஊதுகிறது. பல்லக்கைத் தொட, அரை நிமிடமாவது தோள் கொடுக்க, ஆண்கள் முண்டியடிக்கிறார்கள். உள்ளே விதானத்தின் கீழ் பட்டு மெத்தையில் நூலை வைத்துத் திறக்கிறார்கள். இதற்குப் 'பிரகாஷ்' என்று பெயர். பக்கத்தில் ஒருவர் வெள்ளைச் சாமரம் வீசுகிறார். 'ருமாலா' என்னும் சரிகைத் துணிகளை மக்கள் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். இரவில் நூலை மூடி, மறுபடி பல்லக்கில் ஏற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குச் 'சுகாசன்' என்று பெயர். பல குருத்வாராக்களில் அந்த அறைக்குக் கோடையில் ஏ.சி., குளிர்காலத்தில் நூலுக்குக் கம்பளி.

பள்ளியறை பூஜை பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? அம்மாவுக்குத் தோன்றியதுதான் தோன்றும். ஒப்புமை கண்மயக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொற்களும் ஒத்தாசைக்கு வருகின்றன. நூலின் ஒவ்வொரு பிரதிக்கும் 'ஸரூப்' என்று பெயர், நம் சொரூபம். பக்கத்துக்குப் பெயர் 'அங்', நம் அங்கம். 1430 அங்கங்கள். கிழிந்து பழையதாகிவிட்ட பிரதியைப் பழைய காகிதத்தோடு போடமாட்டார்கள். கோயிந்த்வால் என்ற ஊரில் மரியாதையோடு தீயிட்டுத் தகனம் செய்கிறார்கள்.

இந்த மரியாதை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். விதானம், சாமரம், பல்லக்கு, மெத்தையிட்ட ஆசனம் எல்லாமே அரசவையின் பொருள்கள். குருவைச் சீக்கியர்கள் 'உண்மையான பாதுஷா' என்று அழைத்தார்கள். பொற்கோயிலைப் பஞ்சாபியர் பலரும் தர்பார் சாகிப் என்றுதான் சொல்வார்கள், அரசவை என்று பொருள். நமக்கும் கோ இருக்கும் இல்தான் கோயில். இரண்டு மரபும் தங்கள் தலைவனுக்கு அரசன் வீட்டு மரியாதையைக் கடன் வாங்கியிருக்கின்றன. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன.

அந்த ஆசனத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. சீக்கியர் யாரும் அந்த நூலைக் கடவுள் என்று சொல்வதில்லை. அது குரு. நானக் தொடங்கிப் பத்துப் பேர் குருமாராக இருந்தார்கள். 1708-இல் நாந்தேடில் கோபிந்த் சிங் மறைவதற்கு முன்பு, இனி மனிதர் குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். இந்த எண்ணத்தின் விதை நானக்கிடமே இருக்கிறது. 'உன் குரு யார்' என்று சித்தயோகிகள் கேட்டதற்கு 'சப்தமே குரு, அதைப் பற்றிக்கொள்ளும் மனமே சீடன்' என்றார். சப்தம் என்றால் இங்கே சொல், பாடலாக வந்த அருள்வாக்கு. தாளுக்கும் அட்டைக்கும் பட்டுக்கும் தலை வணங்கவில்லை, அதில் இருக்கும் சொல்லுக்கு வணங்குகிறோம் என்பது சீக்கியர்களின் பதில்.

வெறும் வாதம்தானே என்று தோன்றலாம். அதற்குச் செயலில் ஒரு சான்று உண்டு. நூலைத் திறந்ததும் கண்ணுக்குப் படும் பக்கத்தில், இடப்புறம் மேலே இருக்கும் பாடலை உரக்கப் படிக்கிறார்கள். அதற்கு 'ஹுகம்நாமா' என்று பெயர், ஆணை என்று பொருள். அன்றைய நாளுக்குக் குரு சொன்ன வார்த்தை அது. திருமணம், குழந்தைக்குப் பெயர் வைப்பது, ஒரு கூட்டத்தின் முடிவு என்று எல்லாவற்றிலும் நூல் திறக்கப்படுகிறது, படிக்கப்படுகிறது. குழந்தையின் பெயருக்கு முதல் எழுத்தே அப்படி வந்த பாடலின் முதல் எழுத்துதான். அர்ஜன் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கல் பேசுவதில்லை, எங்கள் ஆண்டவர் பேசிக்கொண்டிருப்பவர். நூல் பேசவைக்கப்படுகிறது. படிக்காமல் பட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அதுவும் சிலை வணக்கம்தான் என்று சீக்கியப் பிரசாரகர்களே கண்டிக்கிறார்கள், ஏ.சி.யையும் கம்பளியையும் கிண்டல் செய்பவர்களும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எல்லை எவ்வளவு எளிதில் வழுக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். 1945-இல், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஒப்புதல் அளித்த நடத்தை விதிநூல், ரஹித் மரியாதா, இதில் பெரிய தயவு காட்டவில்லை. குருத்வாராவுக்குள் சிலை வைக்கக் கூடாது. குருமார்களின் படங்களுக்கு முன்னால் தலை வணங்கக் கூடாது. தூபமும் தீபமும் காட்டி ஆரத்தி எடுப்பதும் மணி அடிப்பதும் கூடாது. நூலைத் தொடர்ந்து ஓதும்போது பக்கத்தில் கும்பமும் நெய்விளக்கும் தேங்காயும் வைக்கக் கூடாது. நூல் வைத்திருக்கும் கட்டிலின் கால்களைப் பிடித்துவிடக் கூடாது, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வைக்கக் கூடாது, சுவரிலும் மேடையிலும் மூக்கைத் தேய்க்கக் கூடாது. விதிகளைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் அன்பும் சேர்ந்தே வந்தன. யாரோ ஒரு பாட்டி பக்தி முற்றிக் கட்டில் காலைப் பிடித்துவிட்டிருக்கிறார். இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி எழுத யாருக்குத் தோன்றும்?

விதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. கோபிந்த் சிங் மறைந்த நாந்தேடில், ஹசூர் சாகிப்பில், மாலையில் விளக்கேற்றி ஆரத்தி எடுக்கும் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும்கூடப் போயிருக்கிறது. இந்துக் கோயிலில் மூலவர் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், சொத்து வைத்திருக்கலாம் என்பது நமக்குத் தெரிந்ததே. பட்டியாலா மாவட்டத்தில் பிலாஸ்பூர் என்ற கிராமத்து நில வழக்கில், குரு கிரந்த் சாகிப்பும் அப்படி ஒரு நபராக முடியுமா என்று கேள்வி எழுந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. ஆனால் சிலை என்ற கணக்கில் அந்தத் தகுதியைக் கொடுக்கவில்லை. சிலை வழிபாடு சீக்கியத்துக்கு மாறானது என்பதையும் குறிப்பிட்டு, குரு என்ற நிலையில் வைத்தே அதைச் சட்ட நபராக ஏற்றது. அம்மாவின் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொற்கோயிலில் சிலைகள் இருந்த காலம்

பொற்கோயிலின் குளக்கரைப் பிரகாரத்தில் 1905 வரைக்கும் இந்து தெய்வச் சிலைகள் இருந்தன என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். பூசாரிகள் அவற்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள், வந்தவர்கள் வணங்கினார்கள், காணிக்கை போட்டார்கள். பல குருத்வாராக்கள் அந்தக் காலத்தில் மகந்துகள் என்னும் மடத்தலைவர்கள் கையில் இருந்தன. அவர்களில் உதாசி என்னும் துறவியர் பலர். சீக்கியக் குருமார்களையும் இந்து தெய்வங்களையும் ஒருசேர வணங்குவதில் அவர்களுக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

1873-இல் தொடங்கிய சிங் சபை இயக்கத்துக்கு அது தெரிந்தது. நூலில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் பிரசாரம் செய்தார்கள். 1905 மே மாதம், பொற்கோயிலின் நிர்வாகியாக இருந்த அரூர் சிங் உத்தரவின்படி சிலைகள் அகற்றப்பட்டன. கடும் எதிர்ப்பு இருந்தது, ஆதரவும் இருந்தது. 1920-இல் பிரபந்தக் கமிட்டி உருவாகி, 1925-இல் குருத்வாராச் சட்டம் வந்த பிறகு கோடு அழுத்தமாகிவிட்டது.

அதற்குமுன் மக்கள் கோடே இல்லாமல் வாழ்ந்தார்கள், சீர்திருத்தக்காரர்கள்தான் கோட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்வார்கள். கோடு முதல் நாளிலிருந்தே நூலில் இருக்கிறது, மக்கள்தான் மறந்துபோனார்கள் என்பார்கள் மற்றவர்கள். மேலே பார்த்த ஜப்ஜி வரியையும், 1905 வரை பிரகாரத்தில் இருந்த சிலைகளையும் சேர்த்துவைத்தால் இரு தரப்பும் பாதி பாதி சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. தகராறு இன்னும் ஓயவும் இல்லை. நானக்கைப் போற்றும் சிந்திக்காரர்கள் பலர் தங்கள் கோயில்களில் சிலைகளையும் குரு கிரந்த் சாகிப்பையும் ஒரே கூடத்தில் வைப்பது வழக்கம். 2023 தொடக்கத்தில் இந்தோரில், சீக்கியப் போர்வீரர் மரபினரான நிஹங்குகள் இதை எதிர்த்தபோது, சிந்திக்காரர்கள் நூலின் பிரதிகளைக் குருத்வாராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிலையை விடவும் மனமில்லை, நூலுக்கு அவமரியாதை வந்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது.

டாக்சியில் இருந்த படம்

படம் வரைவதைச் சீக்கியம் தடுத்ததே இல்லை. நானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாகி நூல்களில் ஓவியங்கள் உண்டு. 1733-இல் உருவான ஒரு பிரதியில் மட்டும் 57 ஓவியங்கள் இருக்கின்றன, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பொற்கோயிலுக்குள்ளேயே படிக்கட்டை ஒட்டிய சுவரில் கோபிந்த் சிங் குதிரைமேல் வரும் ஓவியம் உண்டு. அதைப் பார்க்கலாம், யாரும் அதற்குக் கற்பூரம் காட்டமாட்டார்கள்.

டாக்சியில் அம்மா பார்த்த நானக், வெண்தாடியோடு, பாதி மூடிய கண்களோடு, வலக்கையை உயர்த்தி ஆசி கூறுபவர். இந்த முகத்தை ஓவியர் சோபா சிங் (1901–1986) வரைந்தார்; இமாசலத்தில் ஆந்த்ரெட்டா என்ற ஊரில் குடியேறி வாழ்ந்தவர். 1969-இல், நானக்கின் 500-ஆவது பிறந்த ஆண்டில் வந்த அந்த ஓவியம் காலண்டர்களில் ஏறி வீட்டுக்கு வீடு போய்விட்டது. நானக் எப்படி இருந்தார் என்று காட்ட அவர் காலத்துச் சித்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் இன்று பஞ்சாபில் ஒரு குழந்தையைக் கேட்டால் சோபா சிங் வரைந்த முகத்தைத்தான் சொல்லும்.

படத்துக்கு மாலை போடுவதும் ஊதுவத்தி ஏற்றுவதும்? விதிப்படி தவறு. பிரசாரகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வீடுகளில் நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாத்தாவின் படத்துக்கு மாலை போடுகிறோமே, அதுபோலத்தான் என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் விளக்கம் எதுவும் சொல்லாமல் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

நடிகர் ஒருவர் குருவாக வேடம் போடுவதுதான் உண்மையில் பொறுத்துக்கொள்ளப்படாதது. வரைந்த முகத்தை ஏற்கும் சமூகம் நடிக்கும் முகத்தை ஏற்காது. 2018-இல் நானக்கின் வாழ்க்கையைச் சொன்ன ஒரு திரைப்படத்துக்காக அதன் தயாரிப்பாளரை அகால் தக்த் சமூகத்திலிருந்தே விலக்கிவைத்தது. நேற்று ஒரு படத்தில் குடித்துவிட்டு ஆடியவர் இன்று குருவாக வந்து நின்றால் எப்படி என்று சாதாரணமாகக் கேட்பார்கள். எனக்கு இதில் ரஞ்சித் சிங்கின் நாணயம் ஞாபகம் வருகிறது. லாகூரில் அரசாண்ட அந்த மகாராஜா தன் முகத்தையோ பெயரையோ பொறிக்காமல், குருவின் பெயரால் நாணயம் அடித்தார். நானக்ஷாகி என்று அதற்குப் பெயர். அதில் பெரும்பாலும் குருவின் முகமும் இல்லை, எழுத்துகளும் ஓர் இலைச் சின்னமும்தான் இருந்தன.

டாக்சிக்காரரிடம் அம்மாவின் கேள்வியை என் அரைகுறை இந்தியில் கேட்டுப் பார்த்தேன். படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பாபாஜி வழியில் கூட வருகிறார், அவ்வளவுதான். தலை வணங்குவது அங்கே," என்று பொற்கோயில் இருந்த பக்கமாகக் கையைக் காட்டினார்.

மறுநாள் ஊர் திரும்புமுன் அம்மா இன்னொரு முறை போகலாம் என்றார். வரிசையில் நிற்க நேரமில்லை. வாசலருகே ஒரு பலகையில் அன்றைய ஹுகம்நாமாவைக் குர்முகி எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கருநீலத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் உதடு அசைய அதைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புரியாத அந்த எழுத்துகளையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "என்ன சொல்லியிருக்கிறது என்று அவரைக் கேள்," என்றார்.